திரைப்படச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவிற்கு வருகை தந்துள்ள உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

பல படங்களைப் போட்டுவிட்டுக் கலைந்து செல்வதைவிட, குறைந்த செலவில் உருவான ஒரே படத்தைப் பகுதி பகுதியாகப் பார்த்துப் பேசுவதென்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். அதன்படி, அமெரிக்காவின் கோயன் சகோதரர்களுடைய முதல் படமான ‘பிளட் சிம்பிள்’ (1984) தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒரே படமா என்று முகம் சுளித்தவர்களே பிற்பாடு கூட்டம் முடிந்தும் எழுந்திருக்க மறுத்தார்கள் என்பதை மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறேன்.

முதல் அமர்வில் படத்தின் பணக்கணக்கைப் பார்த்தோம். படத்திற்கு முன்பே அதன் முன்னோட்டத்தை எடுத்துக்கொண்ட சகோதரர்கள், புரொஜெக்டரைச் சுமந்து சென்று, தாங்கள் வளர்ந்த மினியாபொலிஸ் பகுதியின் மருத்துவர்களுக்கும் வணிகர்களுக்கும் அதைப் போட்டுக்காட்டி நிதி திரட்டினார்கள். ஏறத்தாழ 15 லட்சம் டாலர் செலவில், 1982இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் வட்டாரத்தில் படப்பிடிப்பு நடந்தது. இசையமைத்த கார்ட்டர் பர்வெலுக்கும் நாயகியாக நடித்த பிரான்சிஸ் மெக்டார்மண்டுக்கும் இதுவே முதல் படம்.

அடுத்து வந்த அமர்வுகள் கதையைப் பற்றியவை. மனைவியையும் அவள் காதலனையும் கொல்ல மதுக்கூட உரிமையாளர் மார்ட்டி ஒரு தனியார் துப்பறிவாளரை அமர்த்துகிறார். அவரோ பணத்தை வாங்கிக்கொண்டு, மனைவியின் துப்பாக்கியாலேயே மார்ட்டியைச் சுட்டுவிடுகிறார். அந்தத் துப்பாக்கியைக் கண்டெடுக்கும் காதலன், சுட்டவள் அவள்தான் என்றெண்ணி, அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தடயங்களைத் துடைத்து, இன்னும் உயிர் போகாத மார்ட்டியை வயலில் புதைக்கிறான். யாருக்கு எது தெரியும், எது தெரியாது என்று கரும்பலகையில் கட்டம் போட்டு எழுதிப் பார்த்தபோது, கதை மாந்தர் ஒருவரது கட்டமும் முழுமையாக நிரம்பவில்லை. எல்லாம் தெரிந்தவர்கள் பார்வையாளர்களாகிய நாம் மட்டுமே. கொலைகாரன் யார் என்று மறைக்காமலே ஒரு படம் இத்தனை அச்சத்தை எழுப்ப முடிவது இதனால்தான் என்பது அடியேனின் கருத்து. மேசைமேல் நழுவிவரும் கேமரா, கவிழ்ந்து கிடக்கும் குடிகாரரைத் தாண்டிக் குதித்துச் செல்லும் காட்சி வெறும் வித்தை காட்டல் என்று சில உறுப்பினர்கள் வாதிட்டதையும் குறிப்பிட வேண்டும். அவ்வாதம் இன்னும் முடியவில்லை.

ஒரு குறையையும் மறைக்க விரும்பவில்லை. வசனமே அநேகமாக இல்லாத அந்தப் புதைக்கும் பகுதியைத் திரையிட்டபோது ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது. சிறிது நேரம் ஒருவரும் அதை உணரவில்லை. சரிசெய்து மறுபடி போட்டபின், தார்ச்சாலையில் மண்வெட்டி உராயும் ஓசை கேட்டதும் அரங்கில் எழுந்த சலசலப்பு, ஒலியின் வேலையைப் பற்றி நான் தயாரித்து வைத்திருந்த கட்டுரையைத் தேவையற்றதாக்கிவிட்டது.

1985இல் அமெரிக்காவின் பார்க் சிட்டி திரைப்பட விழாவில், அதாவது பின்னாளில் சண்டான்ஸ் எனப் பெயர் மாறிய விழாவில், நடுவர் குழுவின் பெரும்பரிசை இப்படம் பெற்றது. துப்பறிவாளராக நடித்த எம். எம்மெட் வால்ஷ் 2024இல் காலமானதையொட்டி, அவர் வரும் காட்சிகளை மட்டும் தனியே ஒரு மாலை திரையிட்டோம்.

வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இதே கதையைச் சீனப் பாலைநிலத்து நூடுல்ஸ் கடைக்கு மாற்றி சீன இயக்குநர் ஜாங் யிமோ 2009இல் எடுத்த படத்தை, மூலப்படத்துடன் அடுத்தடுத்த வாரங்களில் வரும் ஆண்டு திரையிடச் செயற்குழு பரிந்துரைக்கிறது. அதற்கும், புதிய ஒலிபெருக்கி வாங்குவதற்கும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்