வரிசை நடனத்தில் வழி தவறுவது எங்கே?

ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் நாட்டுப்புற நடனம் என்றாலே கால்மணி கட்டி ஆடும் மோரிஸ் மட்டுமே பேசப்படுகிறது. ஊர் மக்கள் கலந்து ஆடிய ஜோடி நடனங்களும் அதே அளவு கவனத்துக்கு உரியவை. ஜான் பிளேஃபோர்டு 1651இல் லண்டனில் வெளியிட்ட தொகுப்பில் மட்டும் 105 நடனங்கள் உள்ளன. குறிப்புகள் மிகச் சுருக்கமானவை. அவற்றுக்குப் பொருள் கண்டு மீண்டும் ஆடவைத்தவர் செசில் ஷார்ப். அவர் 1911இல் தொடங்கிய நாட்டார் நடனச் சங்கம், 1932இல் நாட்டார் பாடல் சங்கத்துடன் இணைந்தது. ஆனால் புகழ் முழுவதையும் ஷார்ப்புக்கே தருவது நியாயமல்ல. அவருக்கு முன்பே லண்டன் உழைக்கும் பெண்களுக்கு நாட்டார் நடனம் கற்பித்தவர் மேரி நீல்.

புதிதாகக் கற்பவர்கள் இடறுவது பெரும்பாலும் நீள்வரிசை நடனங்களில்தான். இரண்டு வரிசைகள் எதிரெதிரே நிற்கும். இரண்டிரண்டு ஜோடிகளாகச் சேர்ந்து ஆடுவார்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் முதல் ஜோடி ஓர் இடம் கீழே இறங்கும், இரண்டாம் ஜோடி ஓர் இடம் மேலே ஏறும். வரிசையின் முனையை எட்டிய ஜோடி ஒரு சுற்று ஆடாமல் நின்று, பிறகு எண் மாறி (முதல் ஜோடி இரண்டாம் ஜோடியாக, இரண்டாம் ஜோடி முதல் ஜோடியாக) நுழைய வேண்டும். பழைய எண்ணிலேயே ஆடினால் பக்கத்து ஜோடியும் குழம்பிவிடும்.

தனிச் சுழற்சி, அதாவது ஒவ்வொருவரும் தனியே ஒருமுறை சுழல்வது, நான்கே அடிகள், வலஞ்சுழியாக. வட்டம் பெரிதானால் அடுத்த தாளத்துக்குள் இடம் திரும்ப முடியாது. துள்ளலும் தேவையில்லை; உடல் நிமிர்ந்த, இலகுவான நடையே போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்