சேலத்திலும் ஏற்காட்டிலும் கிரேனியோசேக்ரல் சிகிச்சை செய்பவர்களுக்கு

வணக்கம்.

என் அம்மா செவ்வாய்ப்பேட்டையில் 25 வருடமாகக் கொலுசு பற்றவைக்கிறார். நாள் முழுக்கக் குனிந்த கழுத்து. பிடரியில் பிடிக்கும் வலி சாயங்காலத்துக்குள் நெற்றிப்பொட்டுக்கு ஏறிவிடும். பெங்களூரில் இருக்கும் சித்தி மகள், கிரேனியோசேக்ரல் என்ற, மெல்லக் கை வைத்துச் செய்யும் சிகிச்சையைச் செய்துகொண்டதில் தன் தலைவலி குறைந்தது என்றாள். சரி, நம் ஊரிலும் யாராவது இருப்பார்கள் என்று தேடினேன்.

விசாரித்துப் போன இடத்தில், எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் கைகாட்டினார். எத்தனை நாள் பயிற்சி, அடிப்படைப் படிப்பு என்ன என்று அதில் ஒரு வரி இல்லை. அப்புறம் அம்மாவின் கழுத்தை மளுக்கென்று திருப்பினார். இரண்டு நாள் அம்மாவால் தலையைத் திருப்ப முடியவில்லை.

அது கிரேனியோசேக்ரலே இல்லை என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்க ஆஸ்டியோபதி (எலும்பு, தசைகளைக் கையால் சரிசெய்யும் முறை) மருத்துவர் சதர்லேண்டின் யோசனைகளிலிருந்து 1970களில் ஜான் அப்லெட்ஜர் வளர்த்தெடுத்த முறை இது. தலையிலும் முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்பிலும் கை வைப்பார்கள்; அழுத்தம் ஏறத்தாழ 5 கிராம்தான் இருக்க வேண்டும் என்பார்கள். வெள்ளித் தராசோடு வாழ்கிற அம்மாவுக்கு 5 கிராம் எவ்வளவு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று கழுத்தில் விழுந்தது அந்த எடை இல்லை.

இந்த முறை பலன் தருகிறது என்பதற்கு ஆராய்ச்சிகளில் வலுவான ஆதாரம் இன்னும் இல்லை. அதையும் வருகிறவர்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். தெரிந்தும் வருகிறவர்கள் வரட்டும்.

துணைமருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தில் பிசியோதெரபி இருக்கிறது, கிரேனியோசேக்ரல் தனித் தொழிலாக இல்லை. அதனால் யார் வேண்டுமானாலும் போர்டு வைத்துவிட முடிகிறது. பதிவேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள எங்களுக்கு வழியில்லை. நீங்கள் சொன்னால்தான் உண்டு.

ஆகவே கேட்கிறேன். நீங்கள் பிசியோதெரபிஸ்டா, மருத்துவரா, மசாஜ் மட்டும் பழகியவரா என்பதைப் போர்டிலேயே எழுதுங்கள். எந்த நிறுவனத்தில், எத்தனை மணி நேரம், யாரையாவது நேரில் தொட்டுப் பழகினீர்களா, திரையில் பார்த்ததோடு சரியா, அதையும் எழுதுங்கள். கை வைக்கும் முன் நோயாளியிடம் கேளுங்கள்: சமீபத்தில் தலையில் அடிபட்டதா, பக்கவாதம் வந்ததா, மூளையில் ரத்தக்கசிவோ ரத்தக்குழாய் வீக்கமோ உண்டா என்று. உண்டென்றால் தொடாதீர்கள், மருத்துவரிடம் அனுப்புங்கள். எங்களிடம் இதில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை. பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய்மாரிடம் இன்னும் கவனமாக இருங்கள். குழந்தையால் வலிக்கிறது என்று சொல்ல முடியாது.

அம்மாவுக்கு இன்னும் இந்தச் சிகிச்சையில் ஆசை விடவில்லை. இத்தனையும் எழுதிய ஒரு போர்டு இருந்தால், 20 கொண்டை ஊசி வளைவு ஏறியாவது கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
கொலுசுத் தொழிலாளி ஒருவரின் மகள்,
சேலம்