குடிக்காதவரும் பூர்கோனுக்குப் போகலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில், பிரான்சின் வைன் பிரதேசமான பூர்கோன் (Burgundy) பற்றி வந்த பயணக் கட்டுரையை வேலைக்குப் போகும்போது மெற்றோவில் இருந்து படித்தேன். படங்கள் வடிவு. எழுத்தும் நன்றாகவே இருந்தது. ஆனால் கடைசிப் பந்தியில், மது அருந்தாதவர்களுக்கும் குடும்பத்தோடு போகிறவர்களுக்கும் இந்தப் பயணம் ஏற்றதல்ல என்று முடித்திருந்தீர்கள். அதை வாசித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் பாரிஸில் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் வேலை செய்கிறேன். கோப்பை கழுவத் தொடங்கி இப்போது அடுப்புப் பக்கம் வந்திருக்கிறேன். வயிற்றில் புண் வந்த பிறகு மதுவைத் தொடுவதில்லை. என் மனைவி எப்போதுமே குடித்ததில்லை, மாட்டிறைச்சியும் தொடமாட்டார். இப்படிப்பட்ட நாங்கள் இருவரும்தான் லீவு கிடைத்தால் பூர்கோனுக்கு ரயில் ஏறுகிறோம். உங்கள் கணக்கில் எங்களுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை!

கட்டுரையில் சொன்ன பயணம், ஒரே நாளில் நான்கு வைன் நிலவறைகளை வான் (van) வண்டியில் சுற்றிக் காட்டுவது. என்னோடு வேலை செய்யும் ஒருவர் அப்படி ஒன்றில் போய்வந்தார். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். மூன்றாவது நிலவறையில் யாருக்கும் நாக்கில் ருசி தெரியவில்லையாம், நான்காவதில் பாதிப் பேர் வானை விட்டே இறங்கவில்லையாம். மதியச் சாப்பாடாகப் பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு சாண்ட்விச். பூர்கோனுக்குப் போய்ச் சாண்ட்விச்! அந்தப் பயணம் குடிக்கிறவர்களுக்கே ஏற்றதல்ல.

காரோ வானோ தேவையில்லை. பாரிஸின் ‘கார் து லியோன்’ ரயில் நிலையத்தில் வேக ரயில் எடுத்தால் டிஜோனுக்கு ஒன்றரை மணி நேரம் சொச்சம். அங்கிருந்து உள்ளூர் ரயிலில் போன் (Beaune) நகரம் இருபது நிமிடம் அளவில். சனிக்கிழமை காலையில் போனால் நகரத்தின் நடுவே பெரிய சந்தை. பக்கத்திலேயே வண்ண ஓடுகளால் கூரை வேய்ந்த ஒத்தெல்-தியூ, பழைய தருமாஸ்பத்திரி. பூர்கோன் கோமகனின் முதன்மை அமைச்சராக இருந்த நிக்கொலா ரொலானும் அவர் மனைவி கிகோன் து சலனும் 1443இல் அதை நிறுவினார்கள். ஏழைகளை உண்டாக்கியவரே ஏழைகளுக்கு ஆஸ்பத்திரியும் கட்டினார் என்று ரொலானைப் பற்றி ஒரு பழைய பகிடி உண்டு. 1452இல் முதல் நோயாளியைச் சேர்த்த இடம், 1971 வரை ஆஸ்பத்திரியாகவே இயங்கியிருக்கிறது. பலர் தானமாகக் கொடுத்த திராட்சைத் தோட்டங்கள் இன்றும் அதற்குச் சொந்தம். அந்த வைனை ஒவ்வொரு நவம்பரிலும் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஏலம் விடுகிறார்கள். 1859இல் தொடங்கிய ஏலம்.

எல்லோரும் அங்கே நோயாளிகளின் பெரிய மண்டபத்தையும் கடைசித் தீர்ப்பு ஓவியத்தையும் பார்ப்பார்கள். நான் அதிக நேரம் நின்றது குசினியில்தான். ஆள் நின்றாலும் இடிக்காத அடுப்புவாய், அதன் முன்னால் இறைச்சியைத் தானாகச் சுழற்றும் 1698ஆம் ஆண்டுப் பொறி, வரிசையாகத் தொங்கும் செப்புப் பாத்திரங்கள். ‘உங்கள் குசினியை விட இது காற்றோட்டமாக இருக்கிறது’ என்றார் மனைவி. உண்மைதான், எங்களுடையது நிலத்துக்குக் கீழே.

அடுத்தது கடுகு. 2022இல் பாரிஸ் கடைகளில் கடுகுப் போத்தல் கிடைக்காமல் போனதை உங்கள் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எங்கள் செஃப் அதைப் பூட்டிவைத்துக் கரண்டிக் கணக்கில் தந்தார். டிஜோன் கடுகு என்று பெயர் போட்டிருந்தாலும் விதையில் பெரும்பங்கு வருவது கனடாவிலிருந்து. 2021இல் அங்கே வெயிலிலும் வறட்சியிலும் விளைச்சல் விழுந்ததால்தான் இங்கே தட்டு காலியானது. டிஜோன் கடுகு என்பது செய்முறையின் பெயர், அதை எங்கேயும் செய்யலாம். பூர்கோன் கடுகு என்பது வேறு. விதையும் வெள்ளை வைனும் பூர்கோனுடையவையாக இருக்கவேண்டும் என்று 2009 முதல் ஐரோப்பியப் பாதுகாப்பு அதற்கு உண்டு. போன் நகரத்தில் 1840 முதல் இயங்கும் ஃபலோ ஆலையில் இன்றும் கல்லில் அரைக்கிறார்கள், உள்ளே போய்ப் பார்க்கலாம். நாம் எண்ணெயில் வெடிக்கவிடும் அதே இனக் கடுகுதான். முழுதாகத் தாளித்தால் காரம் எழும்பாது. அரைத்துப் புளிப்பு நீர் சேர்த்தால்தான் மூக்கில் ஏறும். ஒரு கரண்டியை வாயில் வைத்த மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘மீன் பொரியலுக்கு நல்லது’ என்று இரண்டு போத்தல் வாங்கினார்.

சரி, திராட்சைத் தோட்டத்துக்கு வருகிறேன். குடிக்காதவர் அங்கே எதைப் பார்ப்பது? மண்ணைப் பார்க்கலாம். டிஜோனிலிருந்து தெற்கே கிழக்கைப் பார்த்த ஒரு நீண்ட சரிவு, அவ்வளவுதான். அதை 1,247 துண்டுகளாகப் பெயர் வைத்துப் பிரித்திருக்கிறார்கள். 2015இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக ஏற்றது. சரிவின் உச்சியில் மண் மெல்லிசு, சுண்ணாம்புக்கல் வெளியே தெரியும். அடியில் களிமண் கூடி ஈரம் தங்கும். நடுவில்தான் தண்ணீர் அளவாக வடியும், பெயர்போன தோட்டங்கள் எல்லாம் அந்த நடுப்பட்டையில்தான். இதைப் படத்தில் பார்த்தால் விளங்காது. குறுக்குப் பாதையில் மேலே நடந்தால் சப்பாத்தில் ஒட்டும் மண்ணே சொல்லிவிடும். வோன்-ரொமானே ஊரில் ரொமானே-கொந்தி தோட்டம் இருக்கிறது. மொத்தம் 1.8 ஹெக்டேர், ஒரு கற்சிலுவை, இடுப்பளவு மதில். அதன் ஒரு போத்தல் ஆயிரக்கணக்கான யூரோவுக்குப் போகிறது. மதிலோரம் நின்று பார்க்கக் காசு இல்லை. உள்ளே மட்டும் இறங்கக்கூடாது.

நம்மூர்ப் பந்தல் திராட்சை பார்த்த கண்ணுக்கு அந்தக் கொடிகள் ஏமாற்றமாகத்தான் இருக்கும். இடுப்பைத் தாண்டாத உயரத்தில் கம்பியில் கட்டி, குட்டையாகவே வளர்க்கிறார்கள். குலை இருப்பது முழங்கால் உயரத்தில். செப்டம்பரில் பறிக்கிறவர்கள் நாள் முழுக்கக் குனிந்தபடிதான். அந்த முதுகுவலி எங்களைப் போன்ற குசினிக்காரருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கட்டுரையில் நிலவறை முதலாளிகள் எல்லோரும் படத்தோடு வந்தார்கள், பறிக்கிறவர் ஒருவர்கூட வரவில்லை.

நிலவறைக்குள் போக விரும்பினாலும் போகலாம். முன்கூட்டியே நேரம் கேட்டு, ஒருவர் குடிப்பதில்லை என்பதைச் சொல்லிவிட்டால் சரி. துப்புவதற்கென்றே அங்கே வாளி வைத்திருப்பார்கள், அந்தத் தொழிலில் இருப்பவர்களே துப்பித்தான் ருசி பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான்: முகர்வேன், நாக்கில் வைப்பேன், துப்புவேன். சமையற்காரனுக்கு அது போதும். மனைவி முகர்வதோடு சரி, ஆனால் அவருடைய மூக்கு என்னுடையதை விடக் கூர்மை. பிள்ளைகள் வந்தால் அவர்களுக்குக் கசிஸ் இருக்கிறது. அந்தக் கறுப்புச் சிறுபழம் இந்தப் பக்கத்துப் பயிர்தான். மது சேர்க்காத சாறாகவும் ஜாமாகவும் விற்கிறார்கள்.

ஆனால் ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும், இதைச் சமைக்கிறவன் சொன்னால்தான் உண்டு. மதநம்பிக்கையாலோ மருந்தாலோ மதுவை முற்றாகத் தவிர்ப்பவர்கள் சாப்பாட்டிலும் கவனமாக இருக்கவேண்டும். சமையலில் வைன் சேர்த்தாலும் கொதித்தால் மது எல்லாம் ஆவியாகிவிடும் என்று பரிமாறுகிறவர்கள் சொல்வார்கள். முழுவதும் போவதில்லை. எபுவாஸ் என்ற மணக்கும் சீஸின் தோலையே திராட்சைச் சக்கையில் வடித்த சாராயம் கலந்த நீரால்தான் கழுவி முற்றவிடுகிறார்கள். கேட்டுச் சாப்பிடுவதில் வெட்கமில்லை.

எனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லாததால் மதியச் சாப்பாட்டில் மெரெத் முட்டை கேட்பேன். சிவப்பு வைனைச் சின்ன வெங்காயத்தோடு பாதிக்கும் கீழே வற்றவைத்து, பன்றி இறைச்சித் துண்டும் காளானும் சேர்த்து, அதில் தண்ணீரில் அவித்த உடையாத முட்டையை வைத்துத் தருவார்கள். கரண்டி பட்டதும் மஞ்சள் கரு அந்தக் கறுத்த சோஸில் வழியும். வறுத்த பாண் துண்டால் வழித்துச் சாப்பிடவேண்டும். பாரிஸில் இதை நானே எத்தனையோ கோப்பைகளில் வைத்து அனுப்பியிருக்கிறேன். ஆனால் கதிரையில் இருந்து, அவசரமில்லாமல், சூட்டோடு சாப்பிட்டது அங்கேதான். மனைவிக்கு அது சரிவராது. அவருக்கு ‘குஜேர்’ என்ற சீஸ் உருண்டையும் பிரெஸ் என்ற பகுதியின் கோழியும். பெரும்பாலான உணவகங்களில் மதிய மெனு இரவை விட மலிவு, அதையும் எழுதியிருக்கலாம்.

பிரெஸ் கோழியைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. வெள்ளை இறகு, சிவப்புக் கொண்டை, நீலக் கால். பிரெஞ்சுக் கொடி நடந்து வருகிறது என்று பகிடி சொல்வார்கள். 1957 முதல் வைனைப் போலவே அதற்கும் சட்டப் பாதுகாப்பு. ஒரு கோழிக்குக் குறைந்தது 10 சதுர மீற்றர் புல்வெளி விடவேண்டும். பாரிஸில் எங்களில் பலருடைய அறை அதற்குப் பக்கத்தில்தான் வரும். இந்தக் கோழிகள் உயிரோடு விலைபேசப்படுவதைப் பார்க்க வேண்டுமானால் பிரெஸ் பகுதியில் உள்ள லூவான் ஊர்ச் சந்தைக்குப் போகவேண்டும். அது திங்கட்கிழமை காலையில் கூடும். பாரிஸில் ஏராளமான உணவகங்கள் ஞாயிறும் திங்களும் பூட்டு. குசினியில் நிற்கும் நம் ஆட்களில் பலருக்கு லீவு விழுவது சரியாக அந்த நாளில்தான். அடுத்த இணைப்பில் லூவானுக்குப் போகும் வழியையும் தங்கும் செலவையும் விவரமாகப் போடுங்கள். நிலவறைகளின் பட்டியலை விட அது எங்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஒரு குசினிக்காரன்,
பாரிஸ்