நடைபாதையையும் அளந்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். நடந்து போனவர் அடிபட்ட வழக்குகளில் எதிர்மனுதாரர்கள் பெரும்பாலும் வாகன உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனமும்தான். சாலையை அமைத்தவரை யாரும் கேட்பதில்லை.

பூ விற்கும் ஓர் அம்மாவின் வழக்குக் கட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. வேன் மோதி இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. 'நடைபாதையில் போகாமல் சாலையில் நடந்தது அவருடைய கவனக்குறைவே, இழப்பீட்டைக் குறைக்க வேண்டும்' என்று எதிர்த்தரப்பு பதிலுரை தாக்கல் செய்திருக்கிறது. பெரம்பூரில் அந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். நடைபாதை முழங்கால் உயரம். அந்த அம்மாவால் கூடையோடு ஏற முடியாது. ஏறினாலும் நாலு எட்டில் மின்பெட்டி குறுக்கே நிற்கிறது. பஸ் வரும் தடத்தில் இறங்காமல் அதைத் தாண்ட வழியில்லை. காவல் துறையின் மாதிரி வரைபடத்தில் வேன் இருக்கிறது, அவர் விழுந்த இடம் இருக்கிறது, மின்பெட்டி இல்லை. எனக்கு நெஞ்சு கொதித்தது.

நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலமாவது வேண்டும் என்கின்றன சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் நெறிகள். 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 198ஏ பிரிவின்படி, சாலை வடிவமைப்புத் தரத்தைக் கைவிட்டதால் ஒருவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் அபராதம் உண்டு. அதுவும் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் இல்லை. அந்தப் பணமும் விபத்து நிதிக்குத்தான் போகிறது, அடிபட்டவர் வீட்டுக்கு அல்ல. இந்தப் பிரிவில் பதிவான வழக்கு எதுவும் என் கைக்கு வந்ததில்லை.

எங்கள் பகுதிக் கூட்டத்தில் சைக்கிளுக்குத் தனித்தடம் கேட்டோம். 'புதிதாகப் போட்டு விபத்து நடந்தால் எங்கள் தலையில்தான் விழும்' என்றார் வந்திருந்த பொறியாளர். தரத்தின்படி கட்டுபவர் 198ஏ-வுக்கு ஏன் பயப்பட வேண்டும்? பயப்பட வேண்டியவர் அந்த முழங்கால் உயர நடைபாதைக்கு ஒப்புதல் கொடுத்தவர். மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென 2014-லேயே கொள்கை வகுத்த நகரம் இது. நடைபாதை மக்களின் உரிமை என்று உச்ச நீதிமன்றமும் 2025-இல் சொல்லிவிட்டது.

வண்டி நின்ற தூரத்தை அளக்கும் அதே நாடாவால் நடைபாதையின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து, குறுக்கே நிற்பது என்ன, சாலை எந்தத் துறையுடையது என்பதையும் விபத்து நடந்த இடத்தைப் பார்த்துக் காவலர் எழுதும் பார்வை மகஜரில் பதியக் காவல் துறை உத்தரவிட வேண்டும். அது எழுத்தில் இருந்தால், பழியை அடிபட்டவர் மேல் போடும் அந்தப் பதிலுரைக்கு எங்களால் பதில் சொல்ல முடியும்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர் குமாஸ்தா,
பெரம்பூர், சென்னை.