தேரியும் உப்பளமும் காட்டிக்கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அண்ணாச்சிமார், அக்காமார், தம்பி தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

என் ஓவியக் கண்காட்சி முடிந்து, மண்டபத்துச் சுவரிலிருந்து படங்களை இறக்கியாயிற்று. கடைசி நாள் மைக்கைக் கையில் கொடுத்தபோது எனக்கு வாய் வரவில்லை. "எல்லாருக்கும் நன்றி" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரி, "இத்தன பேரு மாடா ஒழச்சிருக்காவ, ஒருத்தர் பேரு வாயில வரலியே" என்று பிடித்துக்கொண்டாள். அதனால்தான் இந்த மடல். பேர் போட்டால் சிலருக்குக் கூச்சமாக இருக்கும் என்பதால் பேர் போடவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

படம் பார்க்க வந்த பலர், "ஒங்க கண்ணுக்கு மட்டும் எப்படிண்ணே இந்தக் கலரெல்லாம் படுது?" என்று கேட்டார்கள். அந்தப் பாராட்டு முழுவதையும் நானே வாங்கிக்கொள்வது நியாயமில்லை. முக்கால்வாசி வர்ணம் எனக்கு மற்றவர்கள் காட்டிக்கொடுத்ததுதான்.

நான் கல்லூரியில் படித்த ஓவியன் இல்லை, போர்டு எழுதிப் பிழைத்தவன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் கோவில்பட்டியில் வேலை பழகியவர். நாடகத்துக்குத் திரை வரைய வந்து அந்த ஊரிலேயே தங்கிவிட்ட சி. கொண்டையராஜுவின் காலண்டர் படங்களைப் பட்டறைச் சுவர் முழுக்க ஒட்டி வைத்திருப்பார். முருகனின் கன்னத்தில் ரோஸ் எங்கே கரைந்து மஞ்சளாகிறது என்று விரல் வைத்துக் காட்டுவார். "கோடு தெரியக் கூடாதுல, கலர் மட்டும் தெரியணும்" என்பார். இந்தக் கண்காட்சியைப் பார்க்க அவர் இல்லை. முதல் கும்பிடு அவருக்குத்தான்.

ரைஸ் மில், சோடா கம்பெனி, கட்சிச் சுவர் என்று ஓடிக்கொண்டிருந்த பிழைப்பை 2000-க்குப் பிறகு வந்த பிளெக்ஸ் சுருட்டிக்கொண்டு போனது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதை நீட்ட வேண்டாம். வீட்டில் தையல் மிஷின் ஓடியதால் உலை கொதித்தது. குலசை என்கிற குலசேகரன்பட்டினத்துத் தசராவுக்கு வேஷம் கட்டுகிறவர்களுக்கு முகத்தில் வர்ணம் பூசுகிற வேலை வருஷா வருஷம் கை கொடுத்தது. மற்ற நாளெல்லாம் சைக்கிளை எடுத்துக்கொண்டு குதிரைமொழிச் செம்மணல் தேரிப் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவேன். ஒரு வேடிக்கை என்னவென்றால், இந்தக் கண்காட்சிக்குப் பஸ் ஸ்டாண்டில் வைத்த பிளெக்ஸைக் காசு வாங்காமல் அடித்துத் தந்தது நம்மூர் பிளெக்ஸ் கடைத் தம்பிதான். "ஒங்க கையெழுத்த ஸ்கேன் பண்ணி அப்படியே போட்டிருக்கேண்ணே, ஃபாண்ட் எதுவும் தொடல" என்றான். அந்த மரியாதை போதும், தம்பி.

தேரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பரமன்குறிச்சி, காயாமொழி, தேரிக்குடியிருப்பு பக்கம் போகாதவர்களுக்கு அது வெறும் செம்மண் காடு. ஆடிக் காற்றில் நகர்ந்து நகர்ந்து மேடாகிற மணல். அந்தச் சிவப்பு எனக்கு ரொம்ப நாள் பிடிபடவே இல்லை. பர்ன்ட் சியன்னா அடித்தால் செங்கல் சூளை மாதிரி இருக்கும், வெர்மிலியன் கலந்தால் கட்சிக்கொடி ஆகிவிடும். நிலவியல் சொல்லித்தருகிற வாத்தியார் ஒருவர் அந்தப் பக்கம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் கேட்காமலேயே ஒரு சிட்டிகை மணலை என் உள்ளங்கையில் வைத்து, லென்ஸைக் கையில் கொடுத்தார். உள்ளே ஒவ்வொரு மணியும் கண்ணாடி மாதிரி குவார்ட்ஸ். அதன் மேல் மெல்லிய தோலாக இரும்பு ஆக்சைடு படிந்திருக்கிறது, சிவப்பு அவ்வளவுதான். "நீங்க டியூப்ல வாங்குற லைட் ரெட்டும் இதே இரும்பு ஆக்சைடுதான் சார்" என்றார்.

அப்படியானால் டியூப் எதற்கு? தேரி மண்ணை வாளித் தண்ணீரில் கலக்கி, கனமான மணல் அடியில் தங்கியதும் மேலே மிதக்கிற செந்நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் இறுத்து, தெளிய வைத்து, அடியில் படிகிற மெழுகு போன்ற வண்டலைக் காயவைத்து எடுத்தேன். நாட்டு மருந்துக் கடைப் பாட்டையா வேலம்பிசினைக் கொடுத்து, "வெறும் பிசின் காஞ்சா வெடிக்கும், ரெண்டு சொட்டுத் தேனு விடு" என்றார். மருந்து குழைக்கிற கல்வத்தையும் கொடுத்துவிட்டார், இதுவரை திருப்பிக் கேட்கவில்லை. நுழைவாயிலில் தொங்கிய பெரிய தேரிப் படம் முழுக்க அந்தக் கல்வத்தில் அரைத்த மண்தான். வாத்தியார் சாருக்கும் பாட்டையாவுக்கும் நன்றி. கல்வம் பத்திரமாக இருக்கிறது.

அடுத்துப் பனையேறி மாமா. தேரியோரத்தில் பாளை சீவுகிறவர். காலையில் ஒரு ஏற்றம், சாயங்காலம் ஒரு ஏற்றம். நான் தரையில் உட்கார்ந்து வரைகிறவன், அவர் உச்சியில் இருந்து பார்க்கிறவர். என்னால் ஏற முடியாது. ஆகவே அவர் மேலே இருந்து சத்தம் போட்டுச் சொல்வார், நான் கீழே குறித்துக்கொள்வேன். "கெழக்க கடலு ஒத்தக் கோடு, பென்சில்ல இழுத்தாப்ல." "மணலு வரி வரியா கெடக்கு, காத்து தெக்க இருந்து வந்திருக்கு." ஒரு நாள் கலயத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டே, "கொல்லாமரத்து நெழல கறுப்பா போடுதியே, நல்லா பாரு மாப்ள, அது கறுப்பு இல்ல, ஊதா" என்றார்.

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி ஆயிற்று. போர்டு எழுதுகிறவனுக்கு நிழல் என்றால் எழுத்துக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு பட்டை இழுப்பது, அவ்வளவுதான். நிமிர்ந்து பார்த்தால், சிவந்த மணல் மேல் விழுந்த கொல்லாமர நிழல், அதாவது முந்திரி மரத்து நிழல், நிஜமாகவே ஊதா. சூரியன் நேராகப் படாத இடத்தில் வானத்து நீலம்தான் விளக்கு. அந்த நீலம் செம்மணலில் விழுந்தால் வேறு என்ன கலர் வரும்? அன்றோடு கறுப்பு டப்பாவை மூடி வைத்தேன். உடைமரமும் பனையும் உள்ள அந்த வரிசைப் படங்களைப் பார்த்து, "பிரான்ஸ் ஓவியர்கள் ஸ்டைல்ல இருக்கே" என்று ஒருவர் விசாரித்தார். ஸ்டைல் நம்ம மாமாவுடையது. வேலை முடிந்து இறங்கியதும் பனையோலைப் பட்டையில் அவர் ஊற்றித்தந்த பயினிக்கு, அதாவது பதநீருக்கு, கணக்கே கிடையாது, அதற்குத் தனியாக ஒரு நன்றி.

ஆறுமுகநேரி உப்பளத்து அக்காமார் இல்லாவிட்டால் அந்த ரோஸ் வரிசை இல்லை. உப்பளம் என்றால் வெள்ளை என்று நினைத்துக்கொண்டு போனவன் நான். தை மாதம் பாத்தி மிதிக்கிற வேலையின்போது அது சாம்பலும் களிமண் நிறமும்தான். "இப்ப வந்து என்னத்தப் பாக்கப் போறிய? வெயிலு ஏறட்டும்" என்று அனுப்பிவிட்டார்கள். வெயில் ஏறி, தண்ணீர் சுண்டி, உப்புக் கடுக்கும்போது பாத்தித் தண்ணீரில் மெல்ல ஒரு ரோஸ் ஏறுகிறது. அவ்வளவு உப்பிலும் உயிர் வாழ்கிற கண்ணுக்குத் தெரியாத பாசியும் நுண்ணுயிரும் செய்கிற வேலை அது. அந்த ரோஸ் எப்போது வரும் என்று அக்காமாருக்குத் தண்ணீரில் கை வைத்தாலே தெரியும். ஆள் விட்டுச் சொல்லி அனுப்புவார்கள்.

அந்தப் படங்கள் அழகாக இருக்கின்றன என்று எல்லாரும் சொன்னீர்கள். ஆனால் உப்பு வாருகிறவர்களுக்கு அந்த வெள்ளை எதிரி. பளபளப்பில் கண் கூசிக் கூசியே பார்வை போகிறது, காலில் வெடிப்பு ஆறுவதில்லை. அதனால்தான் முகம் முழுக்கத் துணி சுற்றிக் கண் மட்டும் தெரிகிற அந்த அக்காவின் படத்தை நடுவில் மாட்டினேன். அதைப் பார்க்க அவர்கள் வேலை விட்டு வேனில் வந்து இறங்கியதுதான் எனக்குப் பெரிய திறப்பு விழா. "எம் பலகையில பிடி ஒடஞ்சிருக்கும், அதையும் போட்டிருக்கானே" என்று ஒரு அக்கா படத்தைத் தொட்டுக் காட்டினார். வேறு விமர்சனம் எனக்குத் தேவையில்லை.

2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் தெருவிலும் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. நான் ஊரில் இல்லை, பஸ்ஸும் ரயிலும் நின்றுபோனதால் திரும்பவும் வழியில்லை. எதிர் வீட்டுப் பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, என் படங்களைக் கட்டுக்கட்டாகத் தலையில் தூக்கிக்கொண்டு போய் மாடியில் சேர்த்தார்கள். அவர்கள் வீட்டுப் பீரோ மிதந்துகொண்டிருந்த நேரத்தில் இதைச் செய்தார்கள். நனைந்துபோன தாள்களைத் தேப்புக்கார அண்ணாச்சி வாங்கிக்கொண்டு போய், பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, இஸ்திரிப் பெட்டியின் கரியைக் குறைத்து, பட்டுச்சேலைக்குப் போடுகிற மாதிரி லேசாகப் போட்டுக்கொடுத்தார். சிலவற்றின் அடியில் வெள்ளம் நின்ற சேற்றுக் கோடு அப்படியே இருந்தது. அதை அழிக்கவில்லை. அந்தத் தாள்களில் வேறு எதுவும் சேர்க்காமல் சட்டம் போட்டுவிட்டேன். பார்த்தவர்கள் யாரும் "இது என்ன கறை" என்று கேட்கவில்லை.

சட்டம் என்றதும் ஆசாரி நினைவுக்கு வருகிறார். வெள்ளத்துக்குப் பிறகு பிரித்துப்போட்ட ஓட்டு வீடுகளின் பனங்கைகளை வாங்கி, அறுத்து இழைத்து, சட்டம் முழுக்கப் பனையிலேயே செய்தார். கறுப்பில் பொன் நார் ஓடுகிற அந்த மரத்தை இழைத்து வழுவழுப்பாக்குவது லேசில்லை, சிராய் குத்திக் குத்திக் கை புண்ணாகிவிடும். கூலியை ரெண்டு தவணையாக வாங்கிக்கொண்டதற்கும் நன்றி.

இனி கண் விஷயம். என் தங்கச்சி மகள்தான் முதலில் கேட்டாள். "மாமா, இப்பல்லாம் ஒங்க கடல் ஏன் கலங்கியே கெடக்கு?" நான் சரியாகத்தான் போட்டிருந்தேன், அல்லது எனக்குத் தெரிந்ததை அப்படியே போட்டிருந்தேன். விடாமல் இழுத்துக்கொண்டு போனாள். ரெண்டு கண்ணிலும் புரை. முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன். மறுநாள் கட்டை அவிழ்த்தபோது வார்டுச் சுவர் வெள்ளையாக இல்லை, வெள்ளைக்குள் லேசாக நீலம் இருந்தது. வலதை மூடி இடதைத் திறந்தால் அதே சுவர் பழைய காலண்டர் தாள் மாதிரி பழுப்பு. மாற்றி மாற்றிச் சிமிட்டிக்கொண்டே இருந்ததைப் பார்த்து நர்ஸ் தங்கச்சி பயந்துபோய் டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது.

புரை விழுந்த லென்ஸ் மஞ்சளாகி, நீலத்தை உள்ளே விடாது என்று டாக்டரம்மா விளக்கினார். மோனே என்ற பிரெஞ்சு ஓவியருக்கும் இதே கதைதானாம். அவர் காலத்தில் கண்ணுக்குள் லென்ஸ் வைக்கிற வழி இல்லை. 1923-இல் வலது கண்ணில் ஆபரேஷன் ஆன பிறகு எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று தவித்து, கலர் கண்ணாடி மாட்டிப் பார்த்தாராம். நான் தயங்கித் தயங்கி, "அடுத்த கண்ண கொஞ்சம் தள்ளிப் போடலாமாம்மா? ரெண்டும் ரெண்டு விதமா இருக்கும்போதே ஒரு வேலை பாக்கணும்" என்றேன். எந்த நோயாளியும் இப்படிக் கேட்டதில்லையாம். சிரித்துவிட்டு, ரொம்பத் தள்ளக் கூடாது என்று சொல்லித் தேதியை மாற்றிக் கொடுத்தார்.

அந்த இடைவெளியில்தான் மணப்பாட்டுக் கடற்கரையில் உட்கார்ந்து ஒரே இடத்தை ரெண்டு தாளில் வரைந்தேன். வலது கண்ணை மறைத்துக்கொண்டு ஒன்று, இடது கண்ணை மறைத்துக்கொண்டு ஒன்று. முதலாவதில் கடல் கருப்பட்டிக் காப்பி, மணல் காவி. ரெண்டாவதில் நான் மறந்தே போயிருந்த நீலம். பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்ததைப் பார்த்து, "கோடைக்காலம், மழைக்காலமா?" என்று கேட்டவர்களே அதிகம். இல்லை, ரெண்டும் அதே வாரத்தில் வரைந்தவை. டாக்டரம்மா இந்தச் சோடியை விலை கேட்டார். காசு வாங்க மனசு வரவில்லை. ஆஸ்பத்திரியில் மாட்டக் கொடுத்திருக்கிறேன்.

மண்டபத்தைக் கல்யாண சீசனுக்கு நடுவே காலியாக விட்டுக்கொடுத்து, கரண்ட் காசுகூட வாங்காத அண்ணாச்சிக்கும், படங்களைத் தார்ப்பாய் கட்டி மேடு பள்ளம் பார்த்து ஓட்டிவந்த லோடு ஆட்டோத் தம்பிக்கும், வரிசையில் வந்து ஆளுக்கொரு கலர் பெயர் சொல்லிவிட்டுப் போன பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும், அவர்களைக் கூட்டிவந்த டீச்சர்களுக்கும் என் நன்றி. இத்தனை வருஷம் சேலைத் தலைப்பில் என் பிரஷ்ஷைத் துடைத்த குற்றத்தை இன்னும் மன்னிக்காத வீட்டுக்காரிக்கு இங்கே நன்றி சொன்னால் அடி விழும். அதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

படத்துக்கு முன்பணம் கொடுத்தவர்கள் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம், மத்தியானம் தூங்குகிற நேரம் மட்டும் வேண்டாம். மண்டபத்துச் சுவரில் அடித்த ஆணி ஓட்டையை எல்லாம் நானே பட்டி பார்த்து வெள்ளையடித்துவிட்டேன், அண்ணாச்சி கவலைப்பட வேண்டாம். தசராவுக்கு வழக்கம்போலக் குலசையில் இருப்பேன். காளி வேஷம் கட்டுகிற பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: இந்த வருஷம் முகத்தில் நீலம் ஒரு கைப்பிடி கூடுதலாகத்தான் இருக்கும். குறை சொல்வதாக இருந்தால் டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் போர்டு ஆர்ட்டிஸ்ட்
உடன்குடி