என் ரிப்போர்ட்டைக் கேட்டவர்களுக்கு நன்றி

எங்கள் மகள் ஆடியில் பிறந்தவள். இந்தத் தை முடியும்போது ஆறு மாதம் நிறைகிறது, சோறூட்டுக்கு நாள் குறித்துவிட்டோம். அதற்குள் இந்தக் கடிதத்தை எழுதி முடித்துவிட வேண்டும் என்று இரண்டு வாரமாகக் கடையை அடைத்தபின் உட்கார்ந்து எழுதுகிறேன். நேரில் நன்றி சொல்லப் போனால் யாரும் சொல்ல விடுவதில்லை. "அதுக்கென்ன, பிள்ளை சுகமா இருக்கா?" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். எங்களுக்குக் குழந்தை தாமதமானதற்குக் காரணம் என் உடம்பில் இருந்தது. ஐந்து வருடமாக ஊரார் கேள்வி கேட்டதெல்லாம் என் மனைவியிடம். அதையும் எல்லோருக்கும் தெரியச் சொல்லிவிட வேண்டும்.

எனக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம். சவூதியில் தம்மாமில் ஒரு ஹோட்டலில் பொறோட்டா மாஸ்டராக இருந்தேன். 2018 தையில் கல்யாணம். நாற்பது நாள் லீவு முடிந்ததும் விமானம் ஏறிவிட்டேன். 2019 கடைசியில் இரண்டு மாதம் வந்து போனேன். அடுத்த லீவு கொரோனாவில் போயிற்று. 2021 ஆகஸ்டில் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டேன். கல்யாணமான மூன்றாம் மாதத்திலிருந்தே "விசேஷம் உண்டா?" என்று அவளிடம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நான் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போதும் கேட்டார்கள். கோயில் திருவிழாவில், ரேஷன் கடை வரிசையில், துஷ்டி (சாவு) வீட்டில்கூடக் கேட்டிருக்கிறார்கள். அவள் தங்கைக்கு ஏழாம் மாதச் சடங்கு நடந்தபோது, யாரும் சொல்வதற்கு முன் இவளாகவே அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டாள். போனில் அதைச் சொல்லி அழுதாள். "எல்லாம் சரியாகும்" என்றேன். அதற்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை.

2022 தொடக்கத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். எட்டு மாதம் பார்த்தோம். முட்டை வளர மாத்திரை, ஒன்பதாம் நாள், பதினோராம் நாள், பதின்மூன்றாம் நாள் ஸ்கேன், தைராய்டுக்கு ரத்தப் பரிசோதனை என்று மாதம்தோறும் நடந்தது. கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க, சாயம் செலுத்தி எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். அன்று பஸ்ஸில் வரும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். எல்லா ரிப்போர்ட்டும் நன்றாகத்தான் வந்தது. அந்த எட்டு மாதத்தில் என்னிடம் ஒரு பரிசோதனையும் கேட்கவில்லை. நானும் முன்வரவில்லை. உண்மையைச் சொன்னால், கேட்டுவிடுவார்களோ என்று பயந்துதான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். இடையில் ஒருவர் சொன்னார் என்று லேகியம் வாங்கி ரகசியமாகச் சாப்பிட்டிருக்கிறேன். பணம்தான் போயிற்று.

நம் மாவட்டத்தில் ஆஸ்பத்திரி என்றால் யாரும் தயங்குவதில்லை. எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் டாக்டர் நெய்யூரில் ஆபரேஷன் செய்த கதையை என் பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். ஒரு சாதாரணக் காய்ச்சல் என்றாலும் வண்டி எடுத்துக்கொண்டு போகிற ஊர் இது. ஆனால் இந்த ஒரு காரியத்துக்கு ஆண்பிள்ளையை மட்டும் யாரும் அழைத்துப் போவதில்லை.

முதல் நன்றி நாகர்கோவில் டாக்டரம்மாவுக்கு. 2023 ஜனவரியில் அவரிடம் போனபோது என் மனைவி கையில் தடியாக ஒரு ஃபைல் இருந்தது. முழுவதும் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து, "உங்க ரிப்போர்ட் எங்கே?" என்று கேட்டார். கடிந்து கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். அப்புறம் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். கல்யாணமாகி ஐந்து வருடம், ஆனால் சேர்ந்து இருந்தது மொத்தமாக இருபது மாதம்தான். "வருஷத்தை எண்ணக் கூடாது, ஒண்ணா இருந்த மாசத்தைத்தான் எண்ணணும்" என்றார். பன்னிரண்டு மாதம் சேர்ந்திருந்தும் கரு நிற்கவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும், பெண்ணுக்கு 35 வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதத்திலேயே வர வேண்டும் என்று விளக்கினார். உலகத்தில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்தப் பிரச்சினை வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னதைப் பின்னால் ஒரு பத்திரிகையில் படித்தேன். அந்தக் கணக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் என் மனைவி அடுக்களைக்குள் போய் நின்றிருக்க மாட்டாள்.

அடுத்த நன்றி லேபில் இருந்த அண்ணனுக்கு. அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வாசலில்தான் பலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். விந்துப் பரிசோதனைக்கு, மூன்று நாள் உறவு இல்லாமல் விலகி இருந்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். குறைந்தது இரண்டு நாள், அதிகம் போனால் ஏழு நாள். ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும் என்பதால், கருங்கலில் வீட்டில் எடுத்துப் பஸ்ஸில் கொண்டுபோகிற கதை நடக்காது. அங்கேயே கொடுக்க வேண்டும். கவுண்டரில் பத்துப் பேர் நிற்கிறார்கள், அதில் இரண்டு பேர் எங்கள் ஊர்க்காரர்கள். நான் படியிலேயே நின்றுவிட்டேன். அந்த அண்ணன் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். பேரைச் சத்தமாகக் கூப்பிடவில்லை. வெளியே வந்து, பின்பக்கம் ஒரு சின்ன அறையின் சாவியைக் கையில் கொடுத்து, "நேரம் எடுத்துக்கோங்க. இந்தப் பக்கம் யாரையும் விடமாட்டேன்" என்றார். முக்கால் மணி நேரம் கழித்து வந்தபோதும் அந்த வராந்தாவில் அவர் ஸ்டூலைப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்திருந்தார்.

ரிப்போர்ட்டில் விந்தணு ஒரு மில்லிக்கு 50 லட்சம் என்று இருந்தது. குறைந்தது 1 கோடியே 60 லட்சம் இருக்க வேண்டுமாம். ஓட்டமும் குறைவு. தாளைப் பார்த்ததும் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அந்த அண்ணன்தான் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். ஒரு ரிப்போர்ட்டை வைத்து யாரும் முடிவு கட்டமாட்டார்கள், இரண்டு மூன்று மாதத்துக்கு முன் வந்த காய்ச்சலால்கூட எண்ணிக்கை இறங்கும், திரும்ப ஒரு தடவை பாருங்கள் என்றார். திரும்பப் பார்த்தோம். அதே அளவில்தான் வந்தது. ஆனால் அந்த இடைவெளி இல்லாவிட்டால் நான் இரண்டாம் முறை ஆஸ்பத்திரிப் படி ஏறியிருக்க மாட்டேன்.

ஸ்கேனில் வெரிகோசீல் என்று தெரிந்தது. விதைக்கு மேலே ரத்தக்குழாய்கள் புடைத்துக்கொண்டு ரத்தம் தேங்கி நிற்பது. ஆண்கள் 100 பேரில் ஏறக்குறைய 15 பேருக்கு இது இருக்கும், பலருக்கு ஒரு தொந்தரவும் செய்யாது, எனக்குச் செய்துவிட்டது. வருடக்கணக்காக அடுப்பு முன்னால் நின்ற சூடும் சேர்ந்திருக்கலாம், அது மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது என்றார் அறுவை செய்த டாக்டர். பீடி சிகரெட்டை அன்றைக்கே விடச் சொன்னார், விட்டுவிட்டேன். மார்ச்சில் ஆபரேஷன், மறுநாளே வீடு. புதிய விந்தணு உருவாகி வர இரண்டரை மாதம் ஆகும் என்பதால் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபரிசோதனை. ஜூனில் 90 லட்சம், செப்டம்பரில் 1 கோடியே 40 லட்சம். இரண்டு டாக்டர்களுக்கும் தியேட்டரில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த சிஸ்டருக்கும் என் வணக்கம்.

இப்போது என் அம்மாவைப் பற்றி. இரண்டாவது ரிப்போர்ட் வந்த அன்று இரவு, "குறை அவகிட்ட இல்லம்மா, என்கிட்டதான்" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போனாள். என் மனைவிக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் விளம்பிக்கொண்டு வந்து, "மக்களே, சாப்பிடு" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்கு முன் அம்மாவும் அவளைச் சில வார்த்தை சொன்னதுண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் நாகராஜா கோயிலுக்குப் பால் ஊற்றப் போயிருந்தார்கள். அங்கே தெரிந்த ஒரு சித்தி வழக்கம்போல, "உன் மருமவளுக்கு இன்னும் ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டிருக்கிறாள். அம்மா, "என் மகனுக்குத்தான் வைத்தியம் பாக்கோம்" என்று சொல்லியிருக்கிறாள். கோயில் வாசலில், நாலு பேர் கேட்க. அன்று வீட்டுக்கு வந்து என் மனைவி இதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அம்மாவுக்கு நான் நன்றி சொன்னால் திட்டுவாள். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

என் மனைவி வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியைக்கும் நன்றி. ஸ்கேன் நாட்களில் முதல் இரண்டு பீரியடைத் தானே எடுத்தார். எதற்கு என்று மற்ற டீச்சர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சீட்டுப் பிடிக்கும் மைனி, வேறொருவருக்குப் போக வேண்டிய தவணையை அவர்களிடம் பேசி எங்களுக்கு முதலில் எடுத்துக் கொடுத்தார். விட்டுக்கொடுத்தவர் யார் என்று இன்றுவரை சொல்லமாட்டேன் என்கிறார். அவர் யாராக இருந்தாலும், நீங்கள் இதைப் படித்தால், கடைக்கு வந்து ஒரு சாயாவாவது குடித்துவிட்டுப் போங்கள்.

அக்டோபரில் ஐ.யு.ஐ. செய்தோம். விந்தணுவைக் கழுவிச் சுத்தம் செய்து, முட்டை வெடிக்கும் நேரம் பார்த்துக் கருப்பைக்குள் செலுத்துவது. ஒரு முறைக்கு 100 பேரில் 10 முதல் 20 பேருக்குத்தான் நிற்கும் என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். ஆசை காட்டாமல் சொன்னதற்கு இன்னொரு நன்றி. இதற்கெல்லாம் செயற்கைக் கருத்தரிப்புக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற இடமா என்று பார்த்துப் போகச் சொன்னது எங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியர் அக்கா. ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இப்போதிருந்தே போடச் சொன்னதும் அவர்தான்.

முதல் முறை நிற்கவில்லை. பதினாலாம் நாள் காலையில் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் ஒன்றும் பேசாமல் ஆட்டோவில் ஏறினோம். எப்போதும் எங்களைக் கூட்டிப் போகும் ஆட்டோ அண்ணன் ஏன், என்ன என்று கேட்கவில்லை. திங்கள்சந்தை தாண்டியதும் வண்டியை வீட்டுப் பக்கம் விடாமல் முட்டம் கடற்கரைக்கு விட்டார். பாறைமேல் உட்கார்ந்து அவள் அழுது முடிக்கும்வரை, தூரத்தில் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றார். வீட்டு வாசலில் பணம் கொடுத்தபோது நாகர்கோவிலுக்குப் போய் வந்த வாடகையை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைத் திருப்பிக் கொடுத்தார்.

நவம்பரில் இரண்டாம் முறை செய்தோம். அது நின்றது.

எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை. நாங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் இருந்த சிலர் இன்னும் போய்வந்துகொண்டிருக்கிறார்கள். எங்களுக்குப் பாசிட்டிவ் என்று தெரிந்த அன்று, அருமனைப் பக்கமிருந்து வரும் ஒரு அக்கா என் மனைவியைக் கட்டிப்பிடித்துச் சந்தோஷப்பட்டார். அவருக்கு அது நாலாவது முறையும் நிற்காமல் போன வாரம். அந்த அக்காவுக்கு என்ன சொல்லி நன்றி சொல்ல? உங்கள் பெயரைச் சொல்லி என் மனைவி தினமும் விளக்கு ஏற்றுகிறாள்.

கடைசியாக என் மனைவிக்கு. நீ விழுங்கிய மாத்திரை, குத்திக்கொண்ட ஊசி, அந்த எக்ஸ்ரே மேஜை, அந்த அடுக்களை எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு டப்பாவை வாங்கிக்கொண்டு நான் அரை மணி நேரம் ஒரு அறைக்குள் போயிருந்தால் போதும். எளிதான பரிசோதனை என்னுடையதுதான். அதை நான் முதலில் செய்திருக்க வேண்டும். ஒரு நாள்கூட நீ இதைச் சொல்லிக் காட்டியதில்லை. மன்னித்துக்கொள்.

சோறூட்டுக்கு எல்லோரும் வர வேண்டும். மட்டிப்பழமும் கருப்பட்டியும் ஏற்பாடாகிவிட்டது. அப்புறம், இதைப் படிக்கும் கல்யாணமான தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. லேபுக்குத் தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், கூட வருகிறேன். புதன்கிழமை எனக்குக் கடை லீவு.

அன்புடன்,
கருங்கல் பக்கத்திலிருந்து, ஒரு மகளின் அப்பா