புயல் தணிந்த பிறகுதான் செய்மதிக்கு ஆபத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

காந்தப்புயல் பற்றிய செய்திகளில், பூமியின் காந்தப்புலம் எவ்வளவு குழம்பியுள்ளது என்பதை 0 முதல் 9 வரை காட்டும் கேபி சுட்டெண்ணை மட்டும் போட்டு, அது 8, 9 என்று ஏறினால் அன்றிரவே செய்மதிகளுக்கு ஆபத்து என எழுதிவிடுகிறார்கள். 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் தொலைக்காட்சிச் செய்மதிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

புயல் உக்கிரமாக இருக்கும் முதல் சில மணித்தியாலங்களில் பூமியைச் சூழ்ந்துள்ள வெளிக் கதிர்வீச்சுப் பட்டியின் இலத்திரன்கள் பெரும்பாலும் குறையவே செய்யும். சூரியக் காற்று அழுத்துவதால் காந்த மண்டலத்தின் எல்லை உள்ளே நெருங்கி வரும். ஓரத்தில் சுற்றியவை விண்வெளிக்குத் தப்பிவிடும். வேறு சில, அலைகளில் மோதித் திசைமாறி வளிமண்டலத்தில் விழும். பிறகு புயல் தணியும் நாட்களில், கோரஸ் எனப்படும் அலைகள் புதிதாக வந்து சேர்ந்த இலத்திரன்களை முடுக்கி மில்லியன் இலத்திரன்வோல்ற்றுக்கு மேல் ஏற்றிவிடும். எந்தப் பக்கம் வெல்லும் என்பது புயலுக்குப் புயல் வேறு. 1989 முதல் 2000 வரையான 276 புயல்களை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட முடிவின்படி, ஏறத்தாழப் பாதியில் இலத்திரன்கள் கூடின. ஐந்தில் ஒன்றில் குறைந்தன. மற்றவற்றில் பெரிய மாற்றமில்லை.

2 மில்லியன் இலத்திரன்வோல்ற்று சக்தியுள்ளவை 2 மில்லிமீற்றர் அலுமினியத்தையும் ஊடுருவி, வயரின் காவலியிலும் மின்சுற்றுப் பலகையிலும் தங்கும். கசிவதைவிட வேகமாகச் சேர்ந்தால் நாட்கணக்கில் மின்னேற்றம் கூடி, ஒரு கட்டத்தில் உள்ளேயே மின்னிறக்கம் நிகழும். 1994 ஜனவரியில் கனடாவின் அனிக் ஈ1, ஈ2 என்ற தொலைத்தொடர்புச் செய்மதிகள் இரண்டும் அடுத்தடுத்துக் கட்டுப்பாட்டை இழந்தன. அப்போது பெரும்புயல் எதுவும் இல்லை. வேகமான சூரியக் காற்றால் இலத்திரன்கள்தாம் பல நாட்களாக உயர்ந்து நின்றன. கேபியை மட்டும் பார்த்திருந்தால் எச்சரிக்கையே கிடைத்திராது.

பார்க்க வேண்டியது, அமெரிக்காவின் கோஸ் செய்மதிகள் அளந்து இலவசமாக வெளியிடும் 2 மில்லியன் இலத்திரன்வோல்ற்றுக்கு மேற்பட்ட சக்தியுள்ள இலத்திரன்களின் பாயம், அதாவது அவை எவ்வளவு செறிவாக வந்து விழுகின்றன என்ற அளவு. அவர்கள் வெளியிடும் வரைபின் அலகில் எச்சரிக்கை எல்லை 1000. அந்த வரைபில் நாளுக்கொரு மேடு தெரியும்: செய்மதி நண்பகல் பக்கம் வரும்போது அளவு இயல்பாகவே கூடும். கோஸ் செய்மதிகளில் கிழக்கே நிற்பதற்கு அது இலங்கை நேரம் இரவு 10.30 அளவில். அதைப் புதிய ஏற்றம் என்று எடுத்துக்கொள்ளாமல், ஒரு நாளின் உச்சத்தை மறுநாள் உச்சத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

புயல் செய்தி வெளியிடும்போது அடுத்து வரும் நாலைந்து நாட்களுக்கும் இந்த உச்சத்தை ஒரு வரியில் சேர்த்துப் போடும்படி தங்களை வேண்டுகிறோம்.

வாசகர்கள்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.